மண்ணு கைக்கு, மாவு வாய்க்கு

போன மாதம் எங்கள் கடலூர் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் அங்கன்வாடி ஒன்றிலிருந்து சுகன்யா போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். ரிடையர் ஆனவர்கள் எந்நேரமும் சும்மாதான் இருப்பார்கள் என்று நம்புகிறவர்களில் அவளும் ஒருத்தி. நம்பிக்கை தப்பில்லை, இருக்கிறேன்.

அவளுடைய மையத்துக்குப் புதிதாக விளையாட்டுச் சாமான் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. அதில் கலர் களிமண். பிரித்த முதல் நாளே ஒரு பையன் பச்சை மண்ணை எடை மெஷினில் அப்பியிருக்கிறான். இன்னொருத்தி சிவப்பை இவளுடைய நாற்காலியில் தடவியிருக்கிறாள். பார்க்காமல் இவள் அதில் உட்கார்ந்து, சாயங்காலம் அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"இப்ப அந்தப் பெட்டி எங்கம்மா இருக்குது?" என்று கேட்டேன்.

"பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன் டீச்சர்."

நல்லது என்றேன். பூட்டின பீரோவில் இருக்கிற விளையாட்டுச் சாமானுக்கு ஆயுசு கெட்டி. நானும் ஒரு காலத்தில் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவள்தான். அந்தச் சாவியை என் இடுப்பிலிருந்து இறக்கியது மூன்றரை வயதுப் பெண் ஒருத்தி. அந்தக் கதையைப் போனில் ஆரம்பித்தேன். அதற்குள் சுகன்யாவுக்கு பஸ் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளை ஒட்டின தெரு ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அரசாங்கக் காகிதத்தில் நான் அங்கன்வாடிப் பணியாளர். தெருவில் பால்வாடி மேரி டீச்சர். வேலைக்கு எடுத்ததும் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். பாட்டுப் பாடினோம், காகிதத்தில் கப்பல் செய்தோம், எடை போடப் பழகினோம். 'குழந்தைகளைச் சுதந்திரமாக விளையாட விடுங்கள்' என்று ஒரு நாள் சொன்னார்கள். 'மையத்தை எப்போதும் சுத்தமாக வைத்திருங்கள்' என்று மறுநாள் சொன்னார்கள். இரண்டையும் நோட்டில் எழுதி இரண்டுக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டேன். ஒரே அறையில், ஒரே நேரத்தில், இருபத்திரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படிச் செய்வது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது.

வேலைக்கு வந்தபின் இரண்டில் எது சுலபமோ அதைப் பிடித்துக்கொண்டேன். சுத்தம். அதற்கு எனக்கு வாய்த்த துணையும் அப்படி. மையத்தில் சமைப்பது, பெருக்குவது எல்லாம் தனபாக்கியம் என்கிற ஆயா. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். சிவப்பு சிமெண்ட் தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார். ஒரு சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் அது தரையைத் தொடுமுன் ஆயாவின் துணி அங்கே இருக்கும்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஆனி மாதம். மல்லிகா என்கிற பெண் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மல்லிகா பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த வேகாத பொம்மையில், இரண்டு பாதியும் ஒட்டின இடத்தில் கோடு மாதிரி நிற்கும். அதை ஈரப் பஞ்சால் தடவித் தடவி வழவழப்பாக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மகளையும் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் குழந்தை நழுவிச் சூளைப் பக்கம் போய்விட, முதலாளி இனிமேல் குழந்தையோடு வராதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பால்வாடியும் இல்லையென்றால் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான் என்றாள்.

குழந்தையின் பெயர் பிரியதர்ஷினி. ஆளைவிடப் பெயர் நீளம், தர்ஷினி என்று சுருக்கிக்கொண்டோம். மெலிந்த உடம்பு, பெரிய கண். அதிகம் பேசாது. நல்ல அடக்கமான குழந்தை என்று ஆயாவிடம் சொன்னேன். என் அனுபவத்தின் லட்சணம் அது.

முதல் நாள் பத்து மணிக்கு எல்லாருக்கும் சத்துமாவுக் கொழுக்கட்டை கொடுத்தோம். தர்ஷினி தன்னுடையதைப் பிசைந்தாள். குடிக்கக் கொடுத்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி இன்னும் பிசைந்தாள். டம்ளருக்குள் போட்டு அமுக்கி, தரையில் கவிழ்த்து, மேலே இரண்டு தட்டுத் தட்டி, டம்ளரை மெல்லத் தூக்கினாள். கொழுக்கட்டை டம்ளர் உருவத்தில் நின்றது. அதைச் சாப்பிடணும் கண்ணு என்றேன். கடை மாறி வந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பையனின் கொழுக்கட்டையை எடுத்து அடுத்ததைச் செய்தாள்.

மறுநாள் சாம்பார் சோறு. அதற்கு மறுநாள் சாக்பீஸைத் தூளாக்கித் தண்ணீரில் குழைத்துச் சுவரில் தடவினாள். ஆயா துடைத்துக்கொண்டே வர, அவள் தடவிக்கொண்டே போனாள். இருவரும் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

"இது கொழந்த இல்லீங்க டீச்சர், கம்பெனி" என்றார் ஆயா.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். வாணாம் என்றேன். தொடாதே என்றேன். மடியில் பிடித்துவைத்தேன். சூப்பர்வைசர் அம்மா வருவாங்க என்று பயம் காட்டினேன். டம்ளர், சாக்பீஸ், துணி, பொம்மை எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தர்ஷினி சண்டை போடவில்லை. பிசையக்கூடாது என்றால் சாப்பிடவும் மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த மாதம் தொங்கு தராசில் உட்காரவைத்தபோது, சேர்ந்த அன்று பதினொரு கிலோ இருந்தவள் பத்தே முக்காலில் நின்றாள். மூன்றரை வயதுக்கு அந்தப் பதினொன்றே குறைச்சல்.

எடைப் பதிவேட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். மாதா மாதம் எடையைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். நான் பேனா மையில் அழகாகப் போடுவேன். அன்று போட்டு முடித்து, பதிவேட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, முட்டை வெந்துவிட்டதா என்று அடுப்படிக்குப் போய்த் திரும்பினேன். தர்ஷினி நாற்காலி முன்னால் மண்டியிட்டிருந்தாள். கையில் முதலுதவிப் பெட்டிப் பஞ்சு. பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, நான் போட்ட கோடுகளையெல்லாம் ஈரப் பஞ்சால் தடவித் தடவி வழவழப்பாக்கிக்கொண்டிருந்தாள். அம்மா செய்கிற வேலையை அப்படியே அம்மா மாதிரி. பதினாலு பக்கம் முடித்திருந்தாள். பதினாலு குழந்தைகளின் வளர்ச்சி நீலமாகக் கரைந்து தரையில் ஓடியது.

கோபம் வந்தது. கையைக்கூட ஓங்கிவிட்டேன். அவள் அண்ணாந்து பார்த்த பார்வையில் பயம் இல்லை. வேலை நல்லா இருக்குதா என்று கேட்கிற பார்வை. கையை இறக்கிக்கொண்டேன்.

பதிவேட்டைக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டோம். மறுநாள் காலை, காய்ந்த பக்கங்கள் பொரித்த அப்பளம் மாதிரி உப்பி நின்ற நேரம் பார்த்து, சூப்பர்வைசர் வந்தார்.

வசந்தி மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினொரு வயது சின்னவர். அது எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஜங்ஷனிலிருந்து குடை பிடித்து நடந்தே வருவார். செருப்பைக் கழற்றினால் இரண்டையும் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். பேப்பர் விரித்துத் தரையில், குழந்தைகள் மட்டத்தில் உட்காருவார். அதட்ட மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொன்னால், "சரி, அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். பிறகு பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்காத தப்பையும் ஒப்புக்கொள்வோம். பங்கு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அவ்வளவு உண்மை பேசியதில்லை.

அன்றும் அப்படித்தான். பதிவேடு நனைந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். சரி, அப்புறம் என்றார். ஐந்து நிமிஷத்தில் கொழுக்கட்டையிலிருந்து பஞ்சுவரை எல்லாம் வெளியே வந்துவிட்டது. இந்தக் குழந்தையை வைத்துச் சமாளிக்க முடியவில்லை, இவளுடைய அம்மாவிடம் வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்ளச் சொல்லலாமா என்றும் கேட்டுவிட்டேன். மேடம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நீங்க உங்க வேலையப் பாருங்க என்றார். ஒரு மணி நேரம் அசையவில்லை. மடியில் ஒரு துண்டுக் காகிதம். அவ்வப்போது அதில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

போகும்போது காகிதத்தை என்னிடம் கொடுத்தார். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று கட்டுக் கட்டாக இருந்தது.

"ஒரு மணி நேரத்துல நாப்பத்தோரு தரம் வாணாம், தொடாதன்னு சொல்லியிருக்கீங்க டீச்சர். அதுல முப்பத்தெட்டு அந்தக் கொழந்தைக்கு. எதத் தொடலாம், எங்க தொடலாம்னு ஒரு தரம்கூட சொல்லலீங்களே."

கூடவே பதிவேட்டைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைத்ததற்கு எனக்கு ஒரு மெமோ. மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

அவர் தலை மறைந்ததும் ஆயாவும் நானும் ஒரு அரைமணி நேரம் அவரைப் பற்றிப் பேசினோம். பேசினது என்ன என்பது இங்கே வேண்டாம். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை பெறவில்லை, இதெல்லாம் சொல்ல வந்துவிட்டார் என்பதுதான் அதில் அச்சில் ஏற்றக்கூடிய பகுதி. ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கோடுகள் கண்ணிலேயே நின்றன. முப்பத்தெட்டு. என் பேரை ஒருத்தர் ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டுத் தரம் கூப்பிட்டாலே எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

அடுத்த வாரம் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், சுகன்யாவுக்குப் பயன்படும்.

நாலு காலி அரிசிச் சாக்கைப் பிரித்து ஒன்றாகத் தைத்தோம். வடக்கு ஜன்னலுக்குக் கீழே விரித்தோம், மண் விளையாட்டுக்கு இனி அதுதான் இடம். சாக்பீஸால் கோடு போட்டால் அதையும் அழித்துவிடுவார்கள். சாக்கின் ஓரம் அப்படியில்லை, கால் விரலுக்கே தெரியும். மண் ஏரியிலிருந்து வந்தது. கம்பெனி மண்ணை மல்லிகா கொண்டுவருகிறேன் என்றாள். அந்த வெள்ளைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று மேடம் தடுத்துவிட்டார். ஏரி மண்ணை ஆயா ஊறவைத்து, கல்லும் கண்ணாடியும் பொறுக்கி, ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு உருட்டி, ஈரத்துணி போட்டு மூடி வைத்தார். இத்தனையும் செய்தபோது அவர் முகம் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. தன் தரைக்குத் தானே குழி வெட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்.

ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் சாக்கில். அவரவர் அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாகப் போட்டு முதுகில் பட்டன். தண்ணீர் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு டம்ளர். தீர்ந்தால் தீர்ந்ததுதான். 'கீழே போடாதே' என்று சொல்வதை விட்டு, 'மண்ணு சாக்கு மேலதான் இருக்கும்' என்று சொல்லப் பழகினேன். நாக்குக்குச் சுலபமாக வரவில்லை. பாதி வார்த்தையில் 'வாணா' என்று நிறுத்தி விழுங்கியது எத்தனையோ தரம். முடிக்கிற நேரம் வந்தால் திடீரென்று பிடுங்கக்கூடாது. ஐந்து நிமிஷம் என்றால் குழந்தைக்குத் தெரியாது. 'இன்னும் ரெண்டு பொம்மை, அப்புறம் கை கழுவலாம்' என்றால் தெரியும். முடிந்ததும் ஆளுக்கு ஒரு துணி. அவரவர் இடத்தை அவரவர் துடைக்க வேண்டும். துடைத்த இடம் முன்னைவிட அழுக்காகும். ஆயா அந்தப் பக்கம் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விடுவார். மீறி மண்ணை வெளியே எறிந்தால் குழந்தைக்குத் தண்டனை இல்லை. மண்ணு தூங்கப் போகும், நாளைக்கு எழுந்திருக்கும்.

தர்ஷினிக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. பத்து நாளில் சாக்குக்கு வெளியே ஒரு பொட்டு விழவில்லை. சாதத்தைப் பிசைவதும் நின்றது. சாதித்துவிட்ட பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

"டீச்சர், மண்ணு கொறையுது" என்றார் ஆயா.

தர்ஷினியின் உருண்டை மட்டும் தினமும் சிறுத்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். பல் இடுக்கெல்லாம் மண். யோசித்துப் பார்த்தால், சுவரில் தடவினபோதே சுண்ணாம்பை நக்கியிருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெளுத்திருந்தது. மல்லிகாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் குறைச்சல், வயிற்றில் பூச்சி, அதனால்தான் மண் கேட்கிறது என்று டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார்.

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். மண் விளையாட்டை உடனே நிறுத்திவிடுங்கள் என்றார். சரி, அப்புறம் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக, நான் மறுத்துப் பேசினேன். மண்ணை எடுத்துவிட்டால் சுவரைத் தின்பாள், சுவரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றேன். மருந்து வேலை செய்ய ஒரு மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் கண் முன்னால் திங்காமல் இருக்கப் பழகட்டும், கண் மறைவில் தின்பதைவிட அது மேல் என்றேன். மேடம் பேசாமல் இருந்தார். இந்தத் தடவை நானும் பேசாமல் இருந்தேன்.

"அடுத்த எடை வரைக்கும்" என்றார் கடைசியில். "நீங்க ஒரு கை தூரத்துல உக்காந்திருக்கணும். எடை கொறஞ்சுதுன்னா மண்ணு கெடையாது."

புதுசாக ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். சாக்கில் உட்காருமுன் கொழுக்கட்டை. முழுசும் சாப்பிட்ட பிறகு மண். உருண்டையைக் கையில் கொடுக்கும்போது ஒரு வாக்கியம்: மண்ணு கைக்கு, மாவு வாய்க்கு. மூன்றாம் நாள் ஆறு பேரும் ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். தர்ஷினி மட்டும் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் ஒரு துண்டு பிய்த்தாள். என்னை நேராகப் பார்த்தாள். வாயில் போட்டாள்.

எனக்கு எரிச்சலில்லை. பயம்தான். விரலை விட்டு மண்ணை வழித்தெடுத்தேன். வாயைக் கழுவினேன். மண்ணு தூங்கப் போகுது, நாளைக்கு எழுந்திருக்கும் என்று சொல்லி, அவளுடைய உருண்டையை ஈரத்துணிக்குள் வைத்தேன். குரல் உயராமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் அழுத அழுகையை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அதுவரை எதற்கும் அழாத குழந்தை. தரையில் விழுந்து தலையை மோதினாள். தலைக்கடியில் என் உள்ளங்கையைக் கொடுத்தேன். என் கையில் மோதிக்கொண்டே இருந்தாள். தூக்கினால் திமிறினாள், அதனால் தூக்கவில்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். இங்கதான் இருக்கேன் என்று மட்டும் அவ்வப்போது சொன்னேன். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். மேரி டீச்சர் குழந்தையை அடிக்கிறார் என்று ஊருக்குள் பேச்சு வருமே என்று ஒரு பக்கம். இவள் நாளைக்கு வராமல் போய்விட்டால் மல்லிகாவின் வேலை என்னாவது என்று ஒரு பக்கம். பாதி நேரத்தில் ஆயா பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"குடுத்துருங்க டீச்சர். மண்ணுதானே."

தரையை உயிராக நினைத்த ஆயா சொல்கிறார். கை துணிப் பக்கம் போகத்தான் போனது. கொடுத்துவிட்டால், அழுதால் மண் கிடைக்கும் என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்வாள் என்று தோன்றியது. கையைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். சோறு இறக்கிற நேரம்வரை அழுதாள். பிறகு சாக்கின் ஓரத்தைப் பிடித்தபடி தூங்கிப்போனாள். அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வருவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். கொழுக்கட்டையைச் சாப்பிட்டாள். சாக்கு ஓரத்தில் என் முன்னால் வந்து நின்று, வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, பார்த்துக்கொள் என்பதுபோல. நானும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நன்றாகப் பார்த்து, சரி என்றேன். உட்கார்ந்தாள். முடித்து எழுந்தபோதும் காட்டினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் காட்ட ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் தினமும் இருபத்திரண்டு வாயைப் பார்த்து இருபத்திரண்டு சரி சொல்லுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. யார் யாருக்குப் பல் ஆடுகிறது என்பதெல்லாம் அத்துப்படி.

இதில் எனக்குத் தோன்றாமலே போனது ஒன்று இருக்கிறது. அதை மல்லிகாதான் சொன்னாள். ஒரு சாயங்காலம் வந்தவள் வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள். முதல் நாள் வீட்டில் இட்லி மாவைத் தரையில் கொட்டி தர்ஷினி பொம்மை செய்திருக்கிறாள். மல்லிகா முதுகில் இரண்டு வைத்திருக்கிறாள். அடித்துவிட்டு, தானும் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

"காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு மண்ணுதான் டீச்சர். சோறு துன்னா கையில அந்த வாடைதான் இருக்குது. வூட்டுக்கு வந்தா அங்கயும் நான் மண்ணத் தொடச்சிக்கினே இருக்கணுமா? நீங்க நல்லா பழக்கி வுட்டுட்டீங்க."

 இத்தனை நாளில் குழந்தைக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று பார்த்தேனே தவிர, அம்மாவுக்கு எவ்வளவு மண் தாங்கும் என்று யோசிக்கவே இல்லை. மன்னிச்சிக்கம்மா என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. தர்ஷினியை மடியில் உட்காரவைத்து, மண்ணு பால்வாடியிலதான் இருக்கும், வூட்ல இருக்காது என்று சொன்னேன். அறை முழுக்க ஒரு தரம் கண்ணை ஓட்டிவிட்டு, "வூட்ல இல்ல" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. இடத்துக்கு ஒரு சட்டம் என்பது பெரியவர்களுக்குத்தான் புரிய நாளாகிறது. விளையாட இரண்டு டம்ளர், ஒரு தட்டு, தட்டில் மட்டும் தண்ணீர், அதுவும் குளிக்கிற நேரத்தில் என்று மல்லிகாவே ஒன்றை ஏற்பாடு செய்தாள். அவள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

எடை போடும் நாள் மேடமும் வந்தார். தர்ஷினியைத் தராசில் உட்காரவைத்தேன். முள் ஆடி ஆடி நின்றது. பதினொன்றே கால். நான் சொன்னதை நம்பாமல் மேடம் குனிந்து தானும் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து என் மெமோ விளக்கத்தை எடுத்து, அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'விளக்கம் ஏற்கப்பட்டது. பதிவேட்டை இனி நான்கடி உயரத்துக்கு மேல் வைக்கவும்.' குழந்தைகள் வளர்வார்களே மேடம் என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழையில் பொம்மை காயாது, கம்பெனியில் பாதி நாள்தான் வேலை. ஒரு நாள் மல்லிகா பதினொரு மணிக்கே வந்து நின்றாள். சாக்கு விரித்து விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்குது, உட்காரு என்றேன். நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு வாசல் ஓரமாக உட்கார்ந்தாள். தர்ஷினி எழுந்து போய், அவள் விரலைப் பிடித்து இழுத்துவந்து சாக்கின்மேல் உட்காரவைத்து, தன் மண்ணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாளோ என்னமோ, அதற்குள் விரல்கள் உருட்ட ஆரம்பித்துவிட்டன. ஒரு சின்னப் பிள்ளையார் வந்தது. ஆயிரம் பிள்ளையாரைத் துடைத்த கைக்கு உருவம் மனப்பாடம். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி வழவழப்பாக்கிக் கீழே வைத்தாள். அடுத்தது. அதே தும்பிக்கை, அதே தொப்பை. மூன்றாவது. மூன்றையும் வரிசையில் பார்த்தபோது எது முதலில் செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். தர்ஷினி பார்க்கவில்லை. நாலாவதுக்கு மண்ணை எடுத்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதே வாணாம்மா. வேற செய்யி."

"வேற என்னாடி செய்யறது?"

"தெரியாது. நீ செய்யி."

மல்லிகா மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம் மண்ணில் கிடந்த கை. இன்னது செய் என்று யாரும் சொல்லாத மண் அதற்குக் கிடைத்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக அமுக்கினாள். நீளமாக ஏதோ வந்தது. நாலு கால் மாதிரி இழுத்துவிட்டாள். முதுகில் ஒரு குழி. குழிக்குள் ஒரு சின்ன உருண்டை. இது என்னாம்மா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தெரியல டீச்சர் என்றாள்.

தர்ஷினி அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்தாள். மழைக்காலம், காய நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் காலையில் வேலைக்குப் போகிற வழியில், குடையைச் சாய்த்துப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே நின்று அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் மல்லிகா போனாள்.